குரு பிழைத்தால் கதை போச்சு

வணக்கம் நேயர்களே. நிலையத்தார் சண்டைப்படம் ஒன்றைப் பற்றிப் பேசச் சொன்னார்கள், நான் 'தி மெக்கானிக்'கை எடுத்துக்கொண்டேன். நமக்கு மெக்கானிக் என்றால் கிரீஸ் கையோடு வண்டி பார்க்கிறவர். இந்தப் படத்தில் அது கூலிக்குக் கொலை செய்கிறவனுக்குத் தொழில்முறைப் பெயர்.

1972இல் மைக்கேல் வின்னர் இயக்கியது, சார்லஸ் பிரான்சன் நடித்தது. முதல் கால் மணி நேரத்துக்கு மேல் யாரும் வாயைத் திறக்கமாட்டார்கள். பிரான்சன் தான் கொல்ல வேண்டியவனின் எதிர்வீட்டில் அறை எடுக்கிறான், புகைப்படம் எடுக்கிறான், உள்ளே நுழைந்து தேயிலையில் மருந்து கலக்கிறான், அடுப்புக் குழாயில் கை வைக்கிறான், புத்தகத்துக்குள் வெடிமருந்தை ஒளிக்கிறான், அப்புறம் தூர நின்று ஒரே ஒரு குண்டு. பின்னணி இசை உண்டு, பேச்சுதான் இல்லை. நம் வானொலியில் அப்படி விட்டால் ரேடியோ கெட்டுவிட்டதென்று தலையில் தட்டுவீர்கள்.

2011இல் சைமன் வெஸ்ட் இதை மறுபடி எடுத்தார். ஜேசன் ஸ்டேதம் கொலைத் தொழில் கற்றுத்தரும் குரு, பென் ஃபாஸ்டர் சிஷ்யன். தொடக்கக் கொலை நீச்சல் குளத்தில், அதுவும் நேர்த்திதான். ஃபாஸ்டரின் நடிப்பில் எனக்கு ஒரு குறையும் இல்லை. சொல்லிக்கொடுத்த வழியை விட்டுவிட்டு ஆத்திரத்தில் கட்டிப் புரளும் அந்த முதல் கொலையில், இவன் உருப்படமாட்டான் என்பது முகத்திலேயே தெரிகிறது.

என் பிரச்சினை வேறு. இரண்டு படத்திலும் குரு கொல்வது தன் பழைய நண்பரை, பிறகு அவர் மகனையே சிஷ்யனாகச் சேர்த்துக்கொள்கிறான். பழைய படத்தில் மேலிடம் சொன்னது, செய்தான், அவ்வளவுதான். புதியதில் அந்த நண்பர் துரோகி என்று நம்பவைத்து ஏமாற்றிவிட்டார்களாம்! சரி, நாயகன் நல்லவன் என்று நாம் நிம்மதியாகச் சோளப்பொரி சாப்பிடலாம். பிரான்சனுக்கு அந்தச் சலுகை கிடையாது. மணிக்கட்டை அறுத்துக்கொண்ட ஒரு பெண்ணைக் குருவும் சிஷ்யனும் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிற காட்சி ஒன்று உண்டு, அங்கேதான் குரு தனக்கேற்ற ஆளை அடையாளம் காண்கிறான். அதே குரு மீன் காட்சியகத்தில் படபடத்து மயங்கி விழுகிறான், பணம் கொடுத்து ஒரு பெண்ணிடம் காதலி வேஷம் கட்டச் சொல்கிறான். பேச்சுத் துணைக்கு ஆளில்லாதவன் சிஷ்யனைத் தேடாமல் என்ன செய்வான்?

இனி முடிவைச் சொல்லப்போகிறேன், படம் பார்க்காதவர்கள் ஒரு நிமிடம் சத்தத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

பழைய படத்தில் இத்தாலியின் நேப்பிள்ஸில் சிஷ்யன் ஒயினில் விஷம் வைக்கிறான், உன்னால் தனியாக இருக்க முடியவில்லை, அதுதான் உன் பலவீனம் என்று சாகிறவனிடமே சொல்லிவிட்டு ஊர் திரும்புகிறான். குருவின் வீட்டில் விட்டிருந்த தன் காரில் ஏறினால் கண்ணாடியில் ஒரு சீட்டு: இதை நீ படிக்கிறாய் என்றால் நான் திரும்பவில்லை, 13 விநாடியில் வெடிக்கும். இருவரும் காலி. புதியதிலும் சீட்டு உண்டு, சிஷ்யன் சாகிறான், ஆனால் தீயில் வெந்திருக்க வேண்டிய குரு தப்பித்து வண்டியேறிப் போகிறார்.

அவர் தப்பித்ததால்தான் 2016இல் இன்னொரு பாகமும் வந்தது. அதைப் பற்றிப் பேச மட்டும் என்னைக் கூப்பிடாதீர்கள். வணக்கம்.