மாமா வேனில் எல் பிளேட் ஒட்டிப் பழகலாமா?

அடுத்த கேள்வி, சிங்கப்பூர் தேக்காவில் வேலை செய்யும் ஒரு தம்பி அனுப்பியது. "மாமா காய்கறிக் கடை வைத்திருக்கிறார். விடியற்காலையில் பாசிர் பாஞ்சாங் மொத்தச் சந்தைக்குப் போய்ச் சரக்கு ஏற்றிவர ஒரு வேன் இருக்கிறது. எல் பிளேட் ஒட்டி, மாமாவைப் பக்கத்தில் உட்காரவைத்து அதிலேயே பழகலாமா? அதற்கு என்ன இன்சூரன்ஸ் எடுக்க வேண்டும்?"

வேண்டாம் தம்பி. சில நாடுகளில் லைசென்ஸ் உள்ள சொந்தக்காரர் பக்கத்தில் இருந்தாலே போதும், பழகுபவருக்கென்று தனி இன்சூரன்ஸும் விற்கிறார்கள். சிங்கப்பூரில் சொல்லிக்கொடுப்பவர் போக்குவரத்துப் போலீஸின் அனுமதி பெற்ற பயிற்றுநராக இருக்க வேண்டும். மாமா எத்தனை வருடம் ஓட்டியிருந்தாலும் அந்தக் கணக்கில் வரமாட்டார். பயிற்சி வண்டியில் இடது பக்கம் இருப்பவரின் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. நீங்கள் பதறிப்போய்க் கிளட்சைத் தேடும்போது அவர் அதை மிதித்துவிடுவார். கடை வேனில் மாமா ஹேண்ட்பிரேக்கைத்தான் எட்டிப் பிடிக்க வேண்டும்.

பயிற்சி வண்டிக்கு இன்சூரன்ஸ் ஏற்கனவே இருக்கும், நீங்கள் தனியாக வாங்க வேண்டாம். 18 வயது ஆகியிருந்தால் முதலில் சாலை விதிகள் பற்றிய அடிப்படைத் தேர்வை எழுதுங்கள். பாஸானதும் 25 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கட்டி பிடிஎல் என்ற பழகுநர் லைசென்ஸ் எடுக்கலாம், 2 வருடம் செல்லும். அப்புறம்தான் ஸ்டியரிங்.

ஆனால் பணம் கட்டுவதற்கு முன்னால் மாமா வேனை ஒருமுறை எட்டிப் பாருங்கள். கியர் வண்டியா, ஆட்டோமேட்டிக்கா? சரக்கு இல்லாத எடை 2,500 கிலோவுக்குள் இருந்தால் கிளாஸ் 3 லைசென்ஸ் போதும். சுலபமாக இருக்கிறதே என்று ஆட்டோமேட்டிக் வண்டிக்கு மட்டுமான 3ஏ எடுத்துவிட்டால் கியர் வேனைத் தொட முடியாது. சரக்கு ஓட்டி வயிறு வளர்க்கப் போகிறவருக்கு நான் 3 தான் சொல்வேன், பாடம் கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை. ஊர் லைசென்ஸை மாற்றி வாங்கியவர்களும் அட்டையைப் பாருங்கள். 3சி என்றிருந்தால் அது காருக்குத்தான், சரக்கு வேனுக்கு ஆகாது.

பாஸான மறுநாளே சாவியை வாங்கிவிடாதீர்கள். கடை வேனின் பாலிசியில் யார் ஓட்டலாம் என்று ஒரு பகுதி இருக்கும். 2 வருட அனுபவம் இல்லாதவர் என்றால், விபத்து நடந்தால் கையிலிருந்து கட்ட வேண்டிய தொகை பெரும்பாலும் கூடும். சில பாலிசிகளில் சேர்க்கவே மாட்டார்கள். மாமாவை இன்சூரன்ஸ் நிறுவனத்திடம் கேட்கச் சொல்லி, பதிலை எழுத்தில் வாங்குங்கள். முதல் வருடம் புது ஓட்டுநர் என்று காட்டும் முக்கோண பிளேட் ஒட்ட வேண்டும், அந்த வருடத்தில் விதிமீறலுக்கான தண்டனைப் புள்ளி 13 சேர்ந்தால் லைசென்ஸ் போய்விடும்.

இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் மாமாதான். லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் முதல் தடவைக்கே 10,000 வெள்ளி வரை அபராதம், 3 வருடம் வரை சிறை, அல்லது இரண்டும். வண்டியைக் கொடுத்தவருக்கும் அதே தண்டனை. இன்சூரன்ஸ் இல்லாத குற்றத்துக்கு 12 மாதம் ஓட்டத் தடை. மாமாவால் வேன் எடுக்க முடியாவிட்டால் காலையில் மார்க்கெட்டுக்கு யார் போவது? கடையே நின்றுவிடும் தம்பி.