அழத் தெரியாத பிள்ளைக்குப் பால்
(தங்கச்சிமடம் கூட்டத்தில் பேசியது)

மேடையில் வீற்றிருக்கும் மீனவர் சங்கத் தலைவர் அவர்களே, பங்குத்தந்தை அவர்களே, ஜமாஅத் தலைவர் அவர்களே, வட்டார மருத்துவ அலுவலர் அவர்களே, பந்தலுக்கு இடம் கொடுத்த ஐஸ் கம்பெனி முதலாளி அவர்களே, வலையைப் போட்டது போட்டபடி வந்திருக்கும் தாய்மார்களே, எல்லோருக்கும் வணக்கம். சால்வை போர்த்தியவர்களுக்கு நன்றி. இந்தப் புழுக்கத்தில் அடுத்த முறை ஒரு துண்டு போதும்.

அறிவுசார் குறைபாடு உள்ள நம் பிள்ளைகளின் உடல்நலம் பற்றி மூன்று செய்திகள்: பல், சர்க்கரை, உடற்பயிற்சி.

'அழுத பிள்ளை பால் குடிக்கும்' என்பார்கள். சரி, வலியைச் சொல்லத் தெரியாத பிள்ளை?

பாம்பனில் ஒரு தம்பி. முப்பது வயதிருக்கும். கரைவலை இழுக்கக் கை கொடுப்பான். திடீரென்று தன் கன்னத்தில் தானே அறைய ஆரம்பித்தான், சோற்றுத் தட்டைத் தள்ளினான். 'காத்துக் கருப்பு' என்றார் அத்தை. 'வாவல் மீன் கேட்கிறான்' என்றார் மாமா. வாங்கிப் பொரித்து வைத்தார்கள். அதையும் தள்ளினான், மாமா சாப்பிட்டார். தாயத்து கட்டினார்கள், மந்திரித்தார்கள். ஒரு டாக்டரிடமும் போனார்கள். 'இந்த மாதிரிப் பிள்ளைகள் அப்படித்தான்' என்று தூக்க மாத்திரை வந்தது. கடைசியில், பாட்டிக்குச் சுகர் மாத்திரை கொடுக்க வந்த மக்களைத் தேடி மருத்துவப் பணியாளர், 'வாயைத் திற தம்பி' என்று டார்ச் அடித்தார். கடைவாய்ப் பல்லடியில் சீழ்! பல்லைப் பிடுங்கிப் புண் ஆறியதும் இரண்டு தட்டு சோறு.

அழுத பிள்ளை பால் குடிக்குமாம். அவன் கன்னத்தில் அறைந்து அறைந்து அழுதான், நமக்குத்தான் கேட்கவில்லை. குணம் மாறினால் குறைபாட்டின் மேல் பழியைப் போடுகிறோம். பிறவியிலேயே அறிவுசார் குறைபாட்டோடு வரும் டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு ஈறு நோயும் தைராய்டு குறைவும் அதிகம். தைராய்டு குறைந்து சோர்ந்து உட்கார்ந்தால், சோம்பேறி என்கிறோம்.

சர்க்கரைக்கு வருகிறேன். டீக்கடைகளில் பாசத்தோடு கொடுக்கிற ஓசி டீயில் மாஸ்டர் சீனியைக் குறைத்தாலே பாதி வேலை முடிந்தது. மீதியை அப்புறம் பேசலாம்.

என் கோரிக்கை ஒன்றுதான். மாற்றுத்திறனாளி அடையாள அட்டை முகாமுக்குக் குடும்பமே வேலையை விட்டு, வண்டி பிடித்து வருகிறது. குறைபாடு எத்தனை சதவீதம் என்று எழுதி அனுப்பிவிடுகிறோம். அதே பந்தலில் பல் மருத்துவருக்கு ஒரு நாற்காலி, ரத்தம் எடுக்க ஒரு மேசை போட்டால் என்ன? அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கான விளையாட்டு அமைப்பு ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ். அது 1997இல் தொடங்கிய திட்டத்தில், விளையாட வந்த இடத்திலேயே பல், கண், காது, பாதம் பார்க்கிறார்கள். நம் நாட்டின் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 25ஆம் பிரிவில், சிகிச்சையில் முன்னுரிமை தரச் சொல்கிறது. சட்டம் இருக்கிறது, ஆனால் அழுத பிள்ளைதானே பால் குடிக்கும்? பிள்ளைகளுக்காக நாம் அழுவோம்.

தலைவர் துண்டுச் சீட்டு அனுப்பிவிட்டார், உடற்பயிற்சிக்கு நேரமில்லை. மனு மேசையில் இருக்கிறது, கையெழுத்திடுங்கள். வட்டார மருத்துவ அலுவலர் மேடையில் இருக்கும்போதே கேட்டுவிடுகிறேன்: அடுத்த முகாமில் அந்த நாற்காலி உண்டா, ஐயா? நன்றி, வணக்கம்.