ரேஞ்சரை வித்துட்டு ஸ்கீட்டர் வாங்குன கதை: செகண்ட் ஹேண்ட் ஃபோர் ஸ்ட்ரோக்ல என்னென்ன பாக்கணும்

வணக்கம் மக்களே. போன வீடியோல எனக்குப் பின்னாடி நின்ன போட்டைப் பாத்துட்டு, "அண்ணா, ரேஞ்சர் எங்க போச்சு?"ன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. வித்தாச்சு. அது என் பழைய பாஸ் போட், அதாவது பாஸ் மீன் பிடிக்கப் போற வேகப் படகு. இப்ப ட்ரெய்லர்ல நிக்கிறது ஸ்கீட்டர் எஃப்எக்ஸ் 20. பின்னாடி மாட்டியிருக்கிற இன்ஜின் யமஹா வி மேக்ஸ் எஸ்ஹெச்ஓ, 250 ஹெச்பி, ஃபோர் ஸ்ட்ரோக். ரெண்டுமே செகண்ட் ஹேண்ட்தான்.

முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன், ரேஞ்சர் மேல எனக்கு ஒரு குறையும் கிடையாது. 1968-ல ஆர்கன்சாஸ்ல ஃப்ளிப்பின்ங்கிற சின்ன ஊர்ல ஃபாரஸ்ட் வுட் ஆரம்பிச்சது. இன்னைக்கும் அந்த ஹல்லை, அதாவது போட்டோட உடம்பைத் தட்டிப் பாத்தா ஒரு நம்பிக்கை வருது. நான் மாத்துனது போட்டுக்காக இல்ல, பின்னாடி தொங்குற இன்ஜினுக்காக. அதுல இருந்தது டைரக்ட் இன்ஜெக்‌ஷன் டூ ஸ்ட்ரோக். நல்லாத்தான் ஓடுச்சு. ஆனா அந்த வகை இன்ஜினோட காலம் முடிஞ்சு போச்சு. எவின்ரூட் கம்பெனி இன்ஜின் பண்றதையே 2020-ல மொத்தமா நிறுத்திட்டாங்க. மெர்க்குரி அதுக்கு முன்னாடியே ஆப்டிமேக்ஸ்ங்கிற டூ ஸ்ட்ரோக்கை விட்டுட்டு ஃபோர் ஸ்ட்ரோக்குக்குப் போயாச்சு. பார்ட்ஸ் இன்னும் கிடைக்குது, ஆனா அதைக் கழட்டி மாட்டப் பழகுன கைங்க குறைஞ்சுக்கிட்டே போகுது. நாளைக்கு ஒரு கோளாறுன்னா யார்கிட்ட கொண்டு போறதுன்னு யோசிச்சப்பதான் மாத்திடலாம்னு முடிவு பண்ணேன்.

அதே ஹல்லுல புது இன்ஜின் மாட்டியிருக்கலாமேன்னு கேப்பீங்க. அதையும் யோசிச்சேன். இன்ஜின் பிராண்டு மாறுனா கன்ட்ரோல் பாக்ஸ், வயரிங், மீட்டர்னு எல்லாமே கூடச் சேர்ந்து மாறணும். இன்ஜினையும் மீட்டரையும் இணைக்கிற சிஸ்டம் மெர்க்குரிக்கு ஸ்மார்ட்கிராஃப்ட், யமஹாவுக்கு கமாண்ட் லிங்க், ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு பேசாது. புது 250 இன்ஜின் விலையோட இந்த வேலையையும் கூட்டிப் பாத்தா, நல்ல நிலைமையில இருக்கிற முழு போட்டே வாங்கிடலாம்னு தோணுச்சு.

அடுத்தது எந்த பிராண்டு. இதுல என் கருத்து உறுதியானது: முதல்ல மெக்கானிக்கைத் தேடுங்க, அப்புறம் இன்ஜின், கடைசியாதான் போட். பாஸ் போட்டுல இன்னைக்கு பெருசா ரெண்டே பேர்தான். யமஹாவோட 4.2 லிட்டர் வி6 எஸ்ஹெச்ஓ, 2010-ல வந்தது. மெர்க்குரியோட 4.6 லிட்டர் வி8 ப்ரோ எக்ஸ்எஸ், 2018-ல வந்தது. ரெண்டும் அருமையான இன்ஜின். யமஹால டைமிங் பெல்ட், அதுக்கு ஒரு வயசு உண்டு, மாத்துனாங்களான்னு கேட்டே ஆகணும். மெர்க்குரில செயின். எனக்கு யமஹா அமைஞ்சதுக்குக் காரணம், நான் போற லேக்குக்குப் பக்கத்துல பொறுமையா வேலை பாக்குற மெக்கானிக் ஒரு யமஹாக்காரர். அவ்வளவுதான். ஸ்கீட்டர் கம்பெனியே யமஹாவோடதுங்கிறதால, யமஹா வேணும்னு தேட ஆரம்பிச்சா ஸ்கீட்டர்தான் அதிகமா கண்ணுல படும்.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வரேன். விக்கிறவங்க எல்லாரும் "லோ ஹவர்ஸ்"னு ஒரு வார்த்தையைப் போடுவாங்க. மொத்த மணி நேரத்தை வெச்சு எந்த முடிவுக்கும் வராதீங்க. யமஹா டீலர்கிட்ட கொண்டு போனா லேப்டாப்பை மாட்டி ஒரு ரிப்போர்ட் எடுத்துக் குடுப்பாங்க. இன்ஜின் எந்த ஆர்பிஎம்ல எத்தனை மணி நேரம் ஓடியிருக்குன்னு பட்டை பட்டையா காட்டும். மெர்க்குரிக்கும் இதே மாதிரி உண்டு. அந்தப் பட்டையைப் பாத்தா போட்டை வெச்சிருந்த ஆள் எப்படி ஓட்டியிருக்காருன்னு புரிஞ்சிடும். 5000-க்கு மேல இருக்கிற பட்டை மட்டும் நீளமா இருந்துச்சுன்னா, லேக்கோட இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி வரைக்கும் முழு த்ராட்டில்லயே அடிச்சிருக்காருன்னு அர்த்தம். எனக்கு அமைஞ்சதுல பெரும்பகுதி 1000-க்குக் கீழ இருந்துச்சு. நடுவுல கொஞ்சம், மேல கொஞ்சம்.

1000-க்குக் கீழ ஏன் அவ்வளவு? இப்பல்லாம் பாஸ் பிடிக்கிறவங்க தூண்டில் போடுறதுக்கு முன்னாடி மெதுவா உருட்டிக்கிட்டே சைடு ஸ்கேன்ல, அதாவது ரெண்டு பக்கமும் ஒலி அனுப்பிப் படம் காட்டுற கருவில, அடித்தரையைத் தேடுறாங்க, மணிக்கணக்கா. இன்ஜினுக்கு அது பெரிய பாரம் இல்ல. ஆனா ஃபோர் ஸ்ட்ரோக்குக்கு வேற ஒரு தொந்தரவு இருக்கு. குளிர்ந்த தண்ணில ரொம்ப நேரம் ஐடில்ல ஓடுனா இன்ஜின் சூடேறாது, எரியாத பெட்ரோல் பிஸ்டன் ரிங்கைத் தாண்டி கீழ ஆயிலோட போய்க் கலக்கும். ஆயில் குறையுறதுக்குப் பதிலா ஏறும்.

அதனால டிப்ஸ்டிக்கை நீங்களே உருவிப் பாருங்க. நான் என்ன பண்ணேன்னா, இன்ஜின் ஆறியிருக்கும்போது, நேரா நிக்க வெச்சு உருவுனேன். ஒரு தடவை துணியால துடைச்சுட்டு மறுபடி விட்டு எடுத்தேன். ஆயில் மேல் கோட்டுக்குக் கீழ நின்னுச்சு. அப்புறம் நுனியை மூக்குக்கிட்ட கொண்டு போய் மோந்து பாத்தேன், விரல்ல தடவிப் பாத்தேன். பெட்ரோல் நெடி இல்ல, பிசுபிசுப்பு இருந்துச்சு. மேல் கோட்டைத் தாண்டி நின்னு, நெடியும் அடிச்சு, தண்ணி மாதிரி ஓடுச்சுன்னா அங்கேயே நின்னு யோசிங்க. இதுக்கு ஒரு ரூபா செலவு கிடையாது, ஒரு சென்ட் கூட கிடையாது.

அதுக்காக மணி நேரம் ரொம்பக் கம்மியா இருந்தாலும் சந்தோஷப்படாதீங்க. பல வருஷமா ஷெட்டுக்குள்ளேயே நின்ன போட்டுல வாட்டர் பம்ப் இம்பெல்லரோட ரப்பர் விறைச்சுப் போயிருக்கும், எத்தனால் கலந்த பெட்ரோல் டேங்க்ல கிடந்து கெட்டிருக்கும். வருஷா வருஷம் தண்ணியைப் பாத்த போட்தான் எனக்குப் பிடிக்கும்.

லோயர் யூனிட்ல, அதாவது இன்ஜின்ல தண்ணிக்குள்ள இருக்கிற கியர் பகுதியில, அடியில இருக்கிற ஸ்க்ரூவைக் கொஞ்சமா லூஸ் பண்ணி கியர் ஆயிலைப் பாருங்க. பால் மாதிரி வெளுப்பா வந்தா தண்ணி உள்ள போயிருக்கு. ப்ராப்பை, அதாவது ப்ரொபெல்லரைக் கையால சுத்தி ஷாஃப்ட் ஆடுதான்னு பாருங்க. கம்ப்ரெஷன் டெஸ்ட்ல ஒரு சிலிண்டருக்கும் இன்னொண்ணுக்கும் நடுவுல பத்து சதவீதத்துக்கு மேல வித்தியாசம் இருக்கக் கூடாது. லோயர் யூனிட்டைப் பிடிச்சு மேலயும் கீழயும் அசைச்சுக்கிட்டே, இன்ஜின் மாட்டியிருக்கிற பின் சுவரான ட்ரான்ஸம் நெளியுதா, விரிசல் தெரியுதான்னு கூட ஒருத்தரைப் பாக்கச் சொல்லுங்க.

தண்ணில இறக்காம வாங்கவே வாங்காதீங்க. வீட்டு வாசல்ல ஹோஸைப் போட்டு ஸ்டார்ட் பண்ணிக் காட்டுறதை வெச்சு, ஸ்டார்ட் ஆகுதுங்கிறது மட்டும்தான் தெரியும். பாரம் ஏறுனாதான் இன்ஜின் உண்மையைப் பேசும். ஃபுல் த்ராட்டில்ல அந்த இன்ஜினுக்குன்னு சொல்லியிருக்கிற ஆர்பிஎம் வருதான்னு பாருங்க. வரலைன்னா ப்ராப் தப்பா இருக்கலாம், இன்ஜின்லயே கோளாறும் இருக்கலாம். கில் ஸ்விட்ச் கயிறை உடம்புல மாட்டிக்கிட்டு ஓட்டுங்க, நீங்க தண்ணில விழுந்தா அது இழுபட்டு இன்ஜினை நிறுத்திடும். 2021 ஏப்ரல்ல இருந்து 26 அடிக்குக் குறைஞ்ச போட்டுக்கு அது அமெரிக்காவுல ஃபெடரல் சட்டம். கயிறை இழுத்து இன்ஜின் நிக்குதான்னும் அப்பவே பாத்துடுங்க.

பிராண்டு மாத்துறவங்க எதிர்பாக்காத ஒண்ணு இருக்கு, கை பழக்கம். ஒவ்வொரு ஹல்லும் ஒவ்வொரு மாதிரி தூக்கும். ரேஞ்சர்ல நான் ட்ரிம்மை, அதாவது இன்ஜினோட சாய்வை, ஏத்துற அளவுக்கு இதுல ஏத்துனா, வேகம் ஏற ஏற போட் இடமும் வலமுமா தத்தளிக்க ஆரம்பிச்சுச்சு. சைன் வாக்னு சொல்வாங்க. கூட வந்த ஆள் சொல்லிக் குடுத்தார்: ஸ்டீயரிங்கைச் சும்மா இறுக்கிப் பிடிக்காதீங்க, சின்னச் சின்னதா திருத்திக்கிட்டே இருங்க, மீறிப் போச்சுன்னா ட்ரிம்மை லேசா இறக்குங்க. இறக்குனேன், நின்னுடுச்சு. புது ஹல்லுல முதல் நாளே டாப் ஸ்பீடுக்குப் போகாதீங்க, ப்ளீஸ்.

பேப்பர் விஷயம். டெக்சஸ்ல இருக்கிறவங்க நல்லா கவனிங்க. இங்க போட்டுக்கு ஒரு டைட்டில், அதாவது உரிமைப் பத்திரம், அவுட்போர்டு இன்ஜினுக்குத் தனி டைட்டில். ரெண்டையும் குடுக்கிறது டெக்சஸ் பார்க்ஸ் அண்ட் வைல்ட்லைஃப் துறை. ட்ரெய்லர் பேப்பர் மட்டும் வண்டி மாதிரி கவுன்டி டேக்ஸ் ஆஃபீஸ்ல. ட்ரான்ஸம்ல வலது பக்கம் பொறிச்சிருக்கிற 12 எழுத்து ஹெச்ஐஎன்-ஐ, அதாவது ஹல்லோட அடையாள நம்பரை, போட் டைட்டிலோடவும், இன்ஜின் சீரியல் நம்பரை அதோட டைட்டிலோடவும் ஒத்துப் பாருங்க. ஹெச்ஐஎன்ல கடைசி ரெண்டு எண் மாடல் வருஷம். பேங்க் கடன் பாக்கி இருந்தா டைட்டில்லயே தெரியும். எல்லாம் ஒத்துப் போனதுக்கு அப்புறம்தான் நான் செக் எழுதுனேன்.

அந்த ஆர்பிஎம் ரிப்போர்ட்டை எப்படிப் படிக்கிறதுன்னு அடுத்த வீடியோல ஸ்க்ரீன்ல போட்டு வரி வரியா காட்டுறேன். உங்க போட்டோட ரிப்போர்ட் கையில இருந்தா எடுத்து வெச்சுக்கோங்க, சேர்ந்தே பாத்துடலாம்.