காந்தாரத்தைக் கட்டிப் போடாதீர்கள்

பெருமதிப்பிற்குரிய விழாத் தலைவர் அவர்களே, சிரமம் பாராமல் வெளியூரிலிருந்து வந்திருக்கும் நீதிபதி ஐயா அவர்களே, சற்று முன் தேவாரம் பாடி நம்மை உருக வைத்த ஓதுவார் அவர்களே, வாடகை வாங்காமல் மண்டபம் தந்த தாளாளர் அம்மா அவர்களே, என் ஊர்ச் சொந்தங்களே, வணக்கம்.

மெட்டு என்றால் என்ன? சுரம், அசைவு, நேரம் என்று மூன்றாகப் பிரித்துச் சொல்ல நினைத்து வந்திருக்கிறேன்.

ச ரி க ப த. ஐந்தே சுரம், மோகன ராகம். இதே ஐந்தை வைத்துக்கொண்டு 'ரி' என்ற ரிஷபத்தை ஆதார சட்ஜமாக்கி, அதாவது அதையே 'ச' என்று வைத்துப் பாடுங்கள், மத்தியமாவதி என்ற வேறு ராகம் வந்து நிற்கும். சுரங்கள் அதேதான், எதைத் தாய்வீடாகக் கொள்கிறோம் என்பதுதான் மாறியது. "பாடப் பாட ராகம், மூட மூட ரோகம்" என்பார்கள். எந்த மேடையிலும் இதை நான் சொல்லாமல் இறங்கியதில்லை.

அசைவை எனக்குக் காட்டியவர் எங்கள் தெரு நாகஸ்வரக்காரர். எனக்கு அப்போது பதினோரு வயது. திண்ணையில் உட்கார்ந்து, நாகஸ்வரத்தில் செருகி ஊதும் சீவாளியை வாயில் ஊறப்போட்டுக்கொண்டிருந்தார். தோடி ராகம் வாசிக்கிறேன் பாருங்கள் என்று ஆர்மோனியத்தை அமுக்கினேன். ஒரு சுரம்கூடத் தப்பவில்லை. பெரியவர், "தம்பி, காந்தாரத்தை ஏன் கட்டிப் போட்டிருக்கே?" என்றார். சீவாளியைச் செருகினார். 'க' என்ற அந்தக் காந்தாரத்தை மட்டும் எடுத்தார். அது கீழே ரிஷபத்தைத் தொட்டது, மேலே 'ம' என்ற மத்தியமத்தை எட்டியது, ஊஞ்சல் போல அசைந்துகொண்டே இருந்தது. தண்ணீர் எடுத்து வந்த அத்தை இடுப்புக் குடத்தை இறக்கக்கூட மறந்து நின்றுவிட்டார். விரலுக்கு ஏழே துளை உள்ள குழல்! மீதி எல்லாம் மூச்சும் உதடும் செய்கிற வேலை. அன்றைக்குத்தான் எனக்கு மெட்டு புரிந்தது.

சரி, நேரம். விடியலில் பூபாளம், பள்ளியறைக்கு நீலாம்பரி என்று ராகத்தாலேயே ஊருக்குப் பொழுது சொன்ன நாகஸ்வர வாசிப்பு அது. இன்று எங்கள் கோயிலில் பூசை நேரத்தில் கரண்டு மேளம் ஓடுகிறது. சுவிட்சைத் தட்டினால் மணியும் முரசும் அதிரும். அதில் காந்தாரம் எங்கே ஐயா? பெரியவரின் பேரன் வாசிக்கத் தெரிந்தவன், ஆட்டோ ஓட்டுகிறான். பாடப் பாடத்தானே ராகம்? அவன் எங்கே போய் வாசிப்பான்?

நீதிபதி ஐயா முன்னிலையில் கேட்கிறேன். கோயிலுக்கு ஒரு நாகஸ்வரம், ஒரு தவில், மாதச் சம்பளம். வாசலில் மேசை போட்டு மனு வைத்திருக்கிறோம். சாப்பிடப் போகும் முன் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள்.