பக்கத்து இருக்கைக்காக வாதாடுகிறேன்

நடுவர் அவர்களே, அவையோரே, அனைவருக்கும் ஸ்தோத்திரம்.

"சோர்ந்துபோன விசுவாசியைப் பெரிதும் தூக்கி நிறுத்துவது பிரசங்க மேடையா, பக்கத்து இருக்கையா?" இதுதான் தலைப்பு. எதிரணித் தலைவர் மேடைக்காக மேடை அதிரப் பேசினார். விசுவாசம் கேள்வியினாலே, அதாவது வசனத்தைக் கேட்பதினாலே, வரும் என்று ரோமர் 10:17-ஐ எடுத்து வீசினார். ஐயா, அந்த வசனத்தோடு எனக்கு வழக்கே இல்லை. விசுவாசம் எப்படி வரும் என்று அது சொல்கிறது. வந்த விசுவாசம் தள்ளாடும்போது தாங்கிப் பிடிப்பது யார் என்பதல்லவா இன்றைய வழக்கு?

மேடைக்கு ஒரு சங்கடம் உண்டு. வந்தவர்களிடம் மட்டுமே அது பேச முடியும். சோர்ந்தவனோ முதலில் வருவதைத்தான் குறைப்பான். ஒரு வாரம் தாமதமாக வந்து கடைசி வரிசையில் ஒதுங்குவான். அடுத்த வாரம் ஆசீர்வாத ஜெபம் முடியும் முன்பே, யாரும் நலம் விசாரித்துவிடக் கூடாதே என்று நழுவுவான். அதன்பின் ஆளைக் காண முடியாது. மேடையில் நிற்பவருக்குக் கூட்டம் தெரியும். கூட்டத்தில் ஓர் இடம் காலி என்பது அதற்குப் பக்கத்தில் அமர்பவருக்குத்தான் தெரியும்.

ஆதிச் சபையின் பர்னபாவைப் பாருங்கள். பின்னாளில் பவுல் என்று அறியப்பட்ட சவுல் எருசலேமுக்கு வந்தபோது சீஷர்கள் எல்லாரும் அவருக்குப் பயந்தார்கள். நேற்றுவரை சபையைப் பாழாக்கியவர் ஆயிற்றே, பயம் நியாயம்தான். அப்போது அவரைச் சேர்த்துக்கொண்டு அப்போஸ்தலர்களிடம் அழைத்துப்போய், அவருக்காகப் பேசியது பர்னபா. பிறகு அந்தியோகியாவில் ஊழியம் பெருகியபோது, தர்சுவுக்குப் போய்ச் சவுலைத் தேடிக் கண்டுபிடித்து அழைத்து வந்ததும் அவரே. "சவுல் வேண்டுமானால் வரட்டும்" என்று அவர் இருந்திருந்தால் எதிரணியினர் மேற்கோள் காட்டும் ரோமர் நிருபத்தின் கதி என்னவாகியிருக்கும் என்று யோசிக்கிறேன்!

மாற்கு விஷயம் இன்னும் சுவையானது. பவுலும் பர்னபாவும் போன முதல் ஊழியப் பயணத்தில் கூடப் போய், பாதியில் விட்டுவிட்டு வீடு திரும்பியவர் அவர். இரண்டாம் பயணத்துக்கு அவரைச் சேர்க்கக் கூடாது என்றார் பவுல். சேர்க்கத்தான் வேண்டும் என்றார் பர்னபா. கடுங்கோபம் மூண்டு இருவரும் பிரிந்தார்கள் என்று அப்போஸ்தலர் நடபடிகள் 15-ஆம் அதிகாரம் ஒளிவுமறைவின்றி எழுதுகிறது. தவறி விழுந்த ஓர் இளைஞனுக்காகப் பவுலையே இழக்கத் துணிந்தார் பர்னபா. மாற்குவைக் கூட்டிக்கொண்டு சீப்புரு தீவுக்குக் கப்பல் ஏறினார். அங்கே என்ன பேசினார், எப்படித் தேற்றினார் என்று ஒரு வரிகூட வேதத்தில் இல்லை. விளைவு மட்டும் பின்னால் பவுலின் எழுத்திலேயே வருகிறது: மாற்கு ஊழியத்தில் எனக்குப் பிரயோஜனமானவன், அழைத்து வா என்கிறார்.

பக்கத்து இருக்கைக்காரர்கள் எல்லாரும் பர்னபா இல்லை என்பதும் எனக்குத் தெரியும். எல்லாவற்றையும் இழந்து துன்பத்தில் கிடந்த யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் வாய் திறவாமல் தரையில் கூடவே உட்கார்ந்திருந்தவரை நன்றாகத்தான் இருந்தார்கள். வாயைத் திறந்தார்கள், "அலட்டுண்டாக்குகிற தேற்றரவாளர்" என்று பெயர் வாங்கினார்கள். காரணம் என்ன? நண்பர்களாக வந்தவர்கள் பிரசங்கிகளாக மாறிவிட்டார்கள்! துக்க வீட்டு வாசலிலேயே "எல்லாம் நன்மைக்கே" என்று வசனம் சொல்லிவிட்டுக் கிளம்புகிறவர்களும், "ஜெபிக்கிறேன்" என்று கைபேசியில் தட்டிவிட்டு அடுத்த நொடியே மறந்துபோகிறவர்களும் எங்கள் அணியில் சேர்த்தி இல்லை. அவர்களை எதிரணியே வைத்துக்கொள்ளட்டும்.

தீர்க்கதரிசி எலியாவோ கர்மேல் மலையில் அக்கினியை இறக்கியவர். அதைவிடப் பெரிய மேடை ஏது? அடுத்த அதிகாரத்திலேயே சூரைச்செடியின் கீழ் படுத்துச் சாவைக் கேட்கிறார். வந்த தூதன் தட்டி எழுப்பி, "எழுந்திரு, சாப்பிடு" என்றான். அடையும் தண்ணீரும் இருந்தன. எலியா உண்டுவிட்டு மறுபடியும் படுத்தார். தூதன் மறுபடியும் வந்து தட்டினான். "தூதன் எந்தச் சபையின் உறுப்பினர்?" என்று எதிரணி கேட்கலாம். தூதனே பிரசங்கம் செய்யவில்லை என்பதுதான் ஐயா, என் வாதம்.

தேற்றுவது போதகரின் வேலை என்றும் சொன்னார்கள். 1 தெசலோனிக்கேயர் 5-ஐப் புரட்டுங்கள். சபையை நடத்துகிறவர்களைப் பற்றி 12-ஆம் வசனத்தில் தனியாகப் பேசி முடித்த பவுல், 14-இல் "சகோதரரே" என்று எல்லாரையும் கூப்பிட்டுத் திடனற்றவர்களைத் தேற்றவும் பலவீனரைத் தாங்கவும் சொல்கிறார். போதகரும் ஓர் ஆள்தானே? அவர் சோர்ந்தால் அவருக்கு யார் பிரசங்கம் செய்வது?

கடைசியாக, சிறையிலிருந்து பவுல் எழுதிய இரண்டாம் தீமோத்தேயு. தன் விலங்கைக் குறித்து வெட்கப்படாமல் ரோமாபுரியில் தன்னைத் தேடிக் கண்டுபிடித்த ஒநேசிப்போருவை அதில் வாயார வாழ்த்துகிறார். நான்காம் அதிகாரத்தில் எல்லாரும் தன்னைக் கைவிட்டதைச் சொல்லிவிட்டு, 17-ஆம் வசனத்தில் கர்த்தரோ துணையாக நின்றார் என்கிறார். "அது போதுமே!" என்று எதிரணி துள்ளும். நானும் ஆமென் சொல்கிறேன். ஆனால் நான்கு வசனம் தள்ளி 21-ஐயும் வாசியுங்கள்: மாரிகாலத்துக்கு முன் வந்துசேர் என்று தீமோத்தேயுவை அவசரப்படுத்துகிறார். கர்த்தர் துணை நிற்கிறார் என்று அறிந்த அப்போஸ்தலனே, இன்னொரு விசுவாசி பக்கத்தில் வேண்டும் என்று ஏன் கேட்டார்? எதிரணியில் அடுத்துப் பேச வருபவர் முதலில் இதற்குப் பதில் சொல்லட்டும். நன்றி, வணக்கம்.