தோலாவும் பவுனும், எங்க வீட்டு நிச்சயமும்

(மும்பை மாட்டுங்காவுல ஒரு ஞாயித்துக்கிழமை சாயந்திரம் பேசினது. போன்ல ரெக்கார்ட் ஆனதைக் கேட்டு நானே டைப் பண்ணினேன், அதனால பேச்சு பேச்சாவே கெடக்கு.)

எல்லாருக்கும் வணக்கம். ரூபாயோட கதையை அரை மணி நேரம் பேசுங்கன்னு கூப்பிட்டாங்க, பேங்க்ல 34 வருஷம் நோட்டு எண்ணினவனுக்குக் கதை தெரிஞ்சிருக்கும்னு ஒரு நம்பிக்கை. ஆனா அதுக்கு முன்னாடி வீட்டு சமாச்சாரம் ஒண்ணு. என் பொண்ணுக்கு நிச்சயம் ஆயிடுச்சு. மாப்பிள்ளை மராத்தி, லால்பாக் பக்கம். நன்றி நன்றி, கைதட்டலை கல்யாணத்துக்கு வச்சுக்கோங்க.

நிச்சயத்தன்னிக்கு சம்பந்தியம்மா, மங்கள்சூத்ரா, அதான் அவங்க கருமணித் தாலி, "தீன் தோளே"ல போடறோம்னு சொன்னாங்க. எங்க அம்மாவுக்கு 84 வயசு, காது கொஞ்சம் மந்தம், "என்னலே, தோளுல போடுத நகையா?"ன்னு என்கிட்ட கேக்குறாங்க. இல்லம்மா, தோலா, மூணு தோலான்னு சொன்னேன். உடனே விரல் மடக்கிக் கணக்கு போட்டு, "அப்போ முப்பத்தஞ்சு கிராம், நாலேகால் பவுனுக்கு மேலயே வரும், நல்ல மனுசங்கதான்"னாங்க. சம்பந்தி சிரிச்சுக்கிட்டே, இல்ல ஆயி, முப்பதுதான்னாரு. அம்மா ஒத்துக்கவே இல்ல.

இதுல யாரு சொன்னது சரின்னா, ரெண்டு பேரு சொன்னதும் சரி. இன்னிக்கு நம்ம ஜவேரி பஜார் நகைக்கடைகள்ல தோலான்னா பத்து கிராம், பேச்சு வசதிக்கு ரவுண்டு பண்ணிட்டாங்க. பழைய தோலா 11.66 கிராம். அது எங்கேருந்து வந்துச்சுன்னா, 1835ல கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் எல்லா இடத்துக்கும் ஒரே வெள்ளி ரூபாய்னு சட்டம் போட்டான்ல, அந்த ரூபாயோட எடை, கிரெய்ன்ங்கற வெள்ளைக்காரன் எடைக்கணக்குல 180, அதுதான் ஒரு தோலா. அதுல பன்னெண்டுல பதினோரு பங்கு வெள்ளி. அதாவது ரூபாயே எடைக்கல்லு. எங்க தாத்தா திருநெல்வேலில நாட்டு மருந்துக்கடை வச்சிருந்தாரு, திப்பிலி ஒரு ரூவா எடை, சுக்கு அரை ரூவா எடைன்னுதான் நிறுப்பாராம், தராசுத் தட்டுல நெசமாவே ரூபாயைத் தூக்கி வைப்பாராம். வைக்கறதுக்கு முன்னாடி கட்டைவிரல்ல சுண்டிப் பாப்பாரு, கணீர்னு கேட்டாத்தான் தட்டுக்குப் போகும். 1940ல சர்க்கார் வெள்ளியைப் பாதியாக் கொறைச்சதும் அந்த சத்தமே மாறிப்போச்சுன்னு சொல்லிச் சொல்லி மாஞ்சு போவாராம். 1947ல வெறும் நிக்கல். அந்த தராசுகிட்ட வளந்தவங்க எங்க அம்மா, அவங்ககிட்ட போயி தோலா பத்து கிராம்னா?

சரி, பவுன். நாம சவரன்ங்கறோம், பவுன்ங்கறோம், எட்டு கிராம். ரெண்டுமே வெள்ளைக்காரன் காசோட பேரு. பவுண்டு, அதுக்கு அடிச்ச தங்கக் காசு சாவரின். அது 7.98 கிராம், 22 கேரட். 1899லேந்து இங்கயும் அது செல்லுபடியாச்சு, 15 ரூபாய்க்கு ஒண்ணுன்னு. (இப்ப பவுன் என்ன வெலைன்னு நான் சொல்லப்போறதில்ல, இங்க உக்காந்திருக்கற அம்மாக்களுக்குக் காலைலயே தெரிஞ்சிருக்கும்.) காசு புழக்கத்துல இல்லாமப் போயி எத்தனையோ வருஷமாச்சு, எடை மட்டும் நம்ம வாயில நின்னுபோச்சு.

அம்மா தாலிக்கொடியில அப்படி ஒரு காசு இருந்துச்சு, அவங்க அம்மா குடுத்தது, ராசா தலைக் காசும்பாங்க. அப்பா போனப்புறம் கழட்டி அரிசி டப்பாவுல மஞ்சத்துணியில முடிஞ்சு வச்சிருந்தாங்க. நிச்சயம் முடிஞ்ச அன்னிக்கு ராத்திரி வெளிய எடுத்தாங்க. ஒரு பக்கம் ஐந்தாம் ஜார்ஜ், மறுபக்கம் குதிரைமேல ஒருத்தன் டிராகனைக் குத்துறான், கீழ 1918. நான் பேங்க்ல வாங்கின பழைய லென்ஸை வச்சுப் பாத்தேன். வருஷத்துக்கு மேல, தரைக் கோட்டுல, எறும்புத் தலை அளவுக்கு ஒரு இங்கிலீஷ் 'ஐ'. எனக்குக் கை நடுங்கிடுச்சு. அது இந்தியான்னு போட்ட எழுத்து, நம்ம மும்பை கோட்டைல, ரிசர்வ் பேங்குக்கு எதுத்தாப்புல இருக்கே காசு அடிக்கற டங்கசாலை, அங்க அடிச்ச காசு!

லண்டன் காசை இங்க எதுக்கு அடிச்சான்னா, முதல் உலகப்போர். உலகம் பூரா வெள்ளி வெலை ஏறிப்போயி, ரூபாய்ல இருக்கற வெள்ளி ரூபாயை விட வெலை கூடிடுச்சு, ஜனங்க உருக்க ஆரம்பிச்சாங்க, பதுக்க ஆரம்பிச்சாங்க. 1917 நவம்பர்ல ஒரு ரூபாய் நோட்டு வந்ததே அதனாலதான். காகிதத்தை எவன் நம்புவான்? அமெரிக்காக்காரன் 1918ல சட்டமே போட்டு 20 கோடி அவுன்ஸ் வெள்ளியைக் குடுத்தான். அந்த நெருக்கடியிலதான் இங்க கெடச்ச தங்கத்தை இங்கயே காசாக்கினாங்க, சுமார் 13 லட்சம் சாவரின், எல்லாத்துலயும் 1918ன்னே போட்டு, அதோட சரி, கடையை மூடிட்டாங்க. மும்பைல பொறந்த காசு திருநெல்வேலி போயி, தாலில ஏறி, தாராவில நாங்க இருக்கற சால் வீட்டு அரிசி டப்பாவுக்குத் திரும்பி வந்திருக்கு.

நயா பைசா பத்தியும் கேட்டிருந்தீங்க, 1957 ஏப்ரல் 1, ரூபாய்க்குப் பதினாறு அணாங்கறது போயி நூறு பைசான்னு ஆன நாள். அணாவுக்கு ஆறேகால் பைசா, கடைக்காரன் ஆறுதான் குடுப்பான், நாலு தடவை ஓரணா சில்லறை வாங்கினா ஒரு பைசா அவனுக்கு. அவ்வளவுதான் அது.

1991ஐ மட்டும் விட மனசில்ல. டாலர் இல்லாம நாடே திண்டாடி, ரிசர்வ் பேங்க் 47 டன் தங்கத்தை இங்கேருந்து பிளேன்ல ஏத்தி லண்டன்ல கொண்டு அடகு வச்சுது. அதே வருஷம் எங்க அக்கா கல்யாணம், அம்மா ரெண்டு வளையலையும் சேட்டு கடையில அடகு வச்சாங்க. பேப்பர்ல படிச்சுக் காட்டினேன். "அவிய வட்டி எவ்வளவு குடுக்காவளாம்?"னு மட்டும் கேட்டாங்க.

போன வாரம் எல்லாருமா பஜாருக்குப் போனோம். ஒரு கடையில அந்தக் காசை தராசுல போட்டு, கோக்கற வளையத்துல ஈயப்பத்து இருக்கு, தேஞ்சிருக்கு, கழிவு போக இவ்வளவுதான்னு ஒரு தொகை சொன்னான். பழைய காசா இதுன்னு ஒரு தடவை திருப்பிக்கூடப் பாக்கல. அம்மா ஒண்ணும் பேசாம காசை எடுத்து முந்தானையில முடிஞ்சுட்டாங்க. வெளிய வந்து சம்பந்தியம்மாகிட்ட நேரா குடுத்து, இதை உங்க கருமணிக்கு நடுவுல கோக்க முடியுமான்னு கேட்டாங்க, தமிழ்லதான். அந்தம்மா லென்ஸ் வாங்கி அந்த 'ஐ'யைப் பாத்துட்டு, கோத்துக்கலாம் ஆயின்னாங்க.

கல்யாணம் தையில, வீட்டோட வாங்க. அம்மாவோட பால் கணக்கு நோட்டுல மட்டும் "தோலா வித்தியாசம், 5 கிராம் பாக்கி"ன்னு எழுதி வச்சிருக்கு, இன்னும் அடிக்கல.