நியுமோனியா: காய்ச்சலுக்குப் பின்னால் நடப்பது

அன்பார்ந்த நேயர்களுக்கு என் வணக்கம். கொழும்பில் யாருக்காவது இரண்டு நாட்களுக்கு மேல் காய்ச்சல் நீடித்தால், டெங்குவாக இருக்குமோ என்ற அச்சத்தில் நாம் முதலில் செய்விப்பது இரத்தப் பரிசோதனை. அறிக்கை கைக்கு வந்ததும் எல்லோருடைய கண்ணும் பிளேட்லெட் எண்ணிக்கையைத்தான் தேடுகிறது; அது குறையவில்லை என்று தெரிந்தவுடன் தாளை மடித்து வைத்துவிடுகிறோம். அதே தாளில் வெண்குழியங்களின் மொத்த எண்ணிக்கையும், அவற்றுள் நியூட்ரோபில் என்ற வகை எத்தனை சதவீதம் என்பதும் அச்சாகியிருக்கும். டெங்குவில் வெண்குழியங்கள் பெரும்பாலும் குறைகின்றன. பக்டீரியாவால் வரும் நியுமோனியா என்ற நுரையீரல் தொற்றில் அவை பெரும்பாலும் கூடுகின்றன; வளர்ந்த ஒருவருக்கு ஒரு மைக்ரோலீட்டர் இரத்தத்தில் 4,000 முதல் 11,000 வரை இருக்கவேண்டியவை 20,000ஐயும் தாண்டக்கூடும். நுண்ணுயிரியல் ஆய்வுகூடத்தில் நெடுங்காலம் பணியாற்றியவன் என்ற முறையில், அந்த எண் உயரும்போது நெஞ்சுக்குள் என்ன நடக்கிறது என்பதையே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

நியுமோனியாவுக்குக் காரணமான பக்டீரியாக்களுள் முதன்மையானது நியுமோகொக்கஸ். சுகதேகிகளின் தொண்டையிலும், குறிப்பாகச் சிறு பிள்ளைகளின் மூக்கின் உட்பகுதியிலும், அது எந்தத் தொந்தரவும் தராமல் தங்கியிருப்பதுண்டு. அங்கிருந்து சிறிதளவு கீழே இறங்கினாலும், சுவாசக் குழாய்களை மூடியிருக்கும் சளியும், அச்சளியை ஓயாமல் மேல்நோக்கித் தள்ளும் நுண்மயிர்களும், இருமலும் அதை வெளியேற்றிவிடுகின்றன. புகைபிடிப்பவர்களிடமும், அண்மையில் இன்புளுவென்சா வந்து போனவர்களிடமும் இந்த நுண்மயிர்கள் பழுதடைந்திருப்பதால், கிருமி நுரையீரலின் அடிவரை போக வழி கிடைக்கிறது.

அடியில் இருப்பவை 30 கோடிக்கும் அதிகமான காற்றுச் சிற்றறைகள். அவற்றின் சுவரோடு ஒட்டியபடி பெருந்தின்குழியங்கள் என்னும் காவற்கலங்கள் எப்போதும் இருக்கின்றன. வந்த கிருமிகள் சிலவாக இருந்தால், இக்காவற்கலங்கள் அவற்றை ஓசையின்றி விழுங்கிச் செரித்துவிடும். நமக்கு ஒரு தும்மல்கூட வராது. வந்தவை பெருகி, விழுங்கி முடியாத நிலை வரும்போதுதான் அக்கலங்கள் இரசாயனச் செய்திகளை இரத்தத்தில் விடுகின்றன. அச்செய்திகள் மூளையை எட்டும்போது உடல் வெப்பத்தின் அளவு மேலே மாற்றி வைக்கப்படுகிறது. அதனால்தான் குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் ஏறுகிறது. அச்செய்திகள் இரத்தக் கலங்கள் உருவாகும் என்புமச்சையை எட்டும்போது நியூட்ரோபில்கள் திரளாக வெளியேறுகின்றன. சுகமாக இருக்கும்போதே நம் என்புமச்சை நாளொன்றுக்குச் சுமார் 10,000 கோடி நியூட்ரோபில்களை உண்டாக்குகிறது என்றால், நோயில் அது எவ்வளவு உழைக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

இந்த நியூட்ரோபில்கள் இரத்தக் குழாயின் சுவரை ஊடறுத்துச் சிற்றறைக்குள் நுழைய, அந்தச் சுவர் தளர வேண்டியிருக்கிறது. தளர்ந்த சுவரினூடாக நீரும் புரதமும், சில வேளைகளில் செங்குழியங்களும் கசிகின்றன. காற்று இருக்கவேண்டிய இடத்தை அவை நிரப்புவதால் மூச்சு வாங்குகிறது, எக்ஸ்ரே படத்தில் அந்தப் பகுதி வெள்ளையாகத் தெரிகிறது, சளி துருநிறமாக வருகிறது. மீண்டும் சொல்கிறேன், நேயர்களே: காய்ச்சல், நடுக்கம், மூச்சுத்திணறல், துருநிறச் சளி ஆகிய இவற்றுள் பெரும்பாலானவை கிருமி நேரடியாகச் செய்பவையல்ல, கிருமியை வெளியேற்ற நம் உடல் செய்பவை.

அப்படியான சளியில் ஒரு துளியை நிறமேற்றி நுண்நோக்கியில் வைத்தால், ஊதா நிறத்தில் இரண்டிரண்டாகச் சேர்ந்த நீள்வட்டப் புள்ளிகளும், ஒவ்வொரு சோடியைச் சுற்றியும் நிறமேறாத ஒரு வெளிறிய வளையமும் தெரியும். நான் எத்தனை முறை பார்த்திருந்தாலும், அந்த வளையத்தைக் கண்டால் சற்று நின்று பார்க்காமல் விட்டதில்லை. அதுதான் அக்கிருமியின் சர்க்கரைப் பொருளாலான உறை. உறையுள்ள கிருமியைப் பற்ற முயலும் நியூட்ரோபில், விலாங்கு மீனைப் பிடிக்க முயலும் கைபோல வழுக்குகிறது. இரத்தத்தில் உள்ள நிரப்புப் புரதங்களும், பின்னர் அக்கிருமிக்கென்றே உடல் உண்டாக்கும் பிறபொருளெதிரிகள் (antibodies) என்ற புரதங்களும் அந்த உறைமீது ஒட்டிக்கொண்ட பிறகுதான் பிடி கிடைக்கிறது. உடல் முன்பு கண்டிராத உறையென்றால், போதிய பிறபொருளெதிரி உருவாக ஏறக்குறைய ஒரு வாரம் வேண்டும்.

பென்சிலினுக்கு முந்திய காலத்து வைத்தியர்கள் இதைக் கண்ணாரக் கண்டார்கள். நோயாளி நாட்கணக்கில் கடுங்காய்ச்சலில் கிடப்பார். பிழைக்கக்கூடியவரானால், ஏழாம் நாளுக்கும் பத்தாம் நாளுக்கும் இடையில் ஒரு நாள் வியர்த்துக் கொட்டி, சில மணி நேரத்துக்குள் காய்ச்சல் இறங்கிவிடும். பிறபொருளெதிரிகள் போதிய அளவு பெருகும் காலமும் அதுவே.

இங்கே எனக்கு மிகவும் பிடித்தமான ஒரு வரலாற்றைச் சொல்லியே ஆகவேண்டும். நியூயோர்க்கின் ரொக்கபெல்லர் நிறுவனத்தில், ஒஸ்வால்ட் ஏவரியின் ஆய்வுகூடத்தில் பணியாற்றிய வில்லியம் டில்லெட், தோமஸ் பிரான்சிஸ் என்ற இருவர், நியுமோகொக்கஸிலிருந்து பிரித்தெடுத்த ஒரு பொருளை நியுமோனியா நோயாளிகளின் குருதிநீரோடு கலந்து பார்த்தார்கள். நோய் உச்சத்தில் இருந்தவர்களின் குருதிநீரில் படிவு உண்டாயிற்று. காய்ச்சல் விட்டுக் குணமானவர்களின் குருதிநீரில் அது உண்டாகவில்லை. படிவை உண்டாக்கியது பிறபொருளெதிரியாக இருந்தால் குணமான பின்னரே அது கூடியிருக்க வேண்டும். இதுவோ குணமானதும் மறைந்துவிட்டது. 1930இல் அவர்கள் வெளியிட்ட இந்த அவதானிப்பிலிருந்து வந்ததுதான், இன்று நம் ஊர் ஆய்வுகூடங்கள் எல்லாவற்றிலும் செய்யப்படும், சி.ஆர்.பி. (C-reactive protein) என்ற இரத்தப் புரதத்தை அளக்கும் பரிசோதனை. அந்தப் புரதத்தை உண்டாக்குவது ஈரல். அழற்சி தொடங்கிச் சில மணி நேரத்தில் அது ஏறத் தொடங்கும், இரண்டு நாட்களளவில் உச்சத்தை அடையும். தூண்டுதல் நின்றுவிட்டால், சுமார் 19 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். ஆகவேதான் விடுதியில் இருக்கும் நோயாளிக்கு வைத்தியர் அதை மறுபடியும் செய்விக்கிறார். ஒரு தடவை வந்த எண்ணைவிட, அது இறங்குகிறதா என்பதே அவருக்கு அதிகம் சொல்லும். வேறு பல அழற்சிகளிலும் சி.ஆர்.பி. உயரும் என்பதால், அந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு பாமசியில் அன்டிபயோட்டிக் கேட்டு வாங்குவது சரியன்று.

அன்டிபயோட்டிக் கிருமியைக் கொல்கிறது அல்லது பெருகவிடாமல் தடுக்கிறது. சிற்றறைகளுக்குள் இறந்துகிடக்கும் நியூட்ரோபில்களையும் கசிந்த புரதத்தையும் அப்புறப்படுத்தும் வேலை அதற்குரியதன்று. அதைப் பெருந்தின்குழியங்களே செய்கின்றன. அதற்குக் காலம் எடுக்கும். காய்ச்சல் விட்ட பின்னரும் வாரக்கணக்கில் களைப்பும் இருமலும் இருப்பதும், எக்ஸ்ரே படம் தெளிய ஆறு வாரம் வரை ஆவதும் இதனாலேயே. முதியவர்களிடம் இந்த எதிர்வினை முழுவதுமே மந்தமாக இருக்கலாம். காய்ச்சல் இல்லாமலே திடீரென்று நினைவு தடுமாறினாலோ, சாப்பாட்டை வெறுத்து மூச்சு வேகமாக வாங்கினாலோ, பனடோல் கொடுத்துக் காத்திருக்காதீர்கள்.

தயாரிப்பாளர் கையைக் காட்டுகிறார். மண்ணீரலைப் பற்றியும் தடுப்பூசியைப் பற்றியும் விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன், சுருக்கமாகவே சொல்ல முடிகிறது. இரத்தத்தில் கலந்த உறையுள்ள கிருமிகளை வடித்தெடுப்பதில் மண்ணீரலுக்குப் பெரும் பங்குண்டு. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் உடல் வெறும் சர்க்கரை உறைக்கு எதிராகச் சரிவரப் பிறபொருளெதிரி உண்டாக்காது. அதனால் உறைப்பொருளை ஒரு புரதத்தோடு இணைத்துத் தயாரித்த தடுப்பூசி அவர்களுக்குத் தேவைப்படுகிறது. தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோய்க்காகவோ விபத்தினாலோ மண்ணீரல் அகற்றப்பட்டவர்கள், நியுமோகொக்கஸ் தடுப்பூசி பற்றித் தங்கள் வைத்தியரிடம் கேளுங்கள். காய்ச்சல் வந்தால் மறுநாள் வரை பொறுக்காமல் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போய், மண்ணீரல் இல்லை என்பதை முதலில் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.